மாப்பிள்ளைக்கு ஈரம் போதவில்லை

"இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லே அது இருக்கணும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. பல்கூடத் தேய்க்காமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு, கூடத்தின் நடுவில் நின்று காத்து மாஸ்டர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் உடனே வந்தது.

"அதுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் பழக்கூழ் போதும்ங்க. சட்டை துவைச்சு இஸ்திரி போடற வேலையும் இல்லே. கொஞ்சம் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்."

மாஸ்டர் பல் தேய்க்கப் போய்விட்டார்.

'அது' என்று அவர் சொன்னது ஒரு பல்லியை. சுவரில் டியூப்லைட் பக்கத்தில் இலவசமாக ஓடுகிற பல்லி அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் செடி, கொடி, ஏறி விளையாட மரக்கிளை, ஒதுங்கிப் படுக்க மூங்கில் குழாய் என்று சகல வசதிகளோடும் வாழ்கிற பல்லி. ஒரு சாண் நீளம். கடுகு நிறம். கண்ணுக்கு மேலே மை தீட்டினாற்போல் முள்வரிசை. ஆனால் இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்க்கும். யாரை? பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற மாஸ்டரை.

பல்லியின் சொந்தக்காரன் மாஸ்டரின் மச்சினன். பேக்கரியில் கேக் மாஸ்டர். அவன் முதலாளி வெளியூரில் புதுக் கிளை திறந்தார். நாற்பது நாள் அங்கே போய் அடுப்பைப் பழக்கிவிட்டு வரவேண்டும். தங்கும் அறை அடுப்புக்குப் பின்பக்கச் சுவர். "அங்கே கொண்டுபோனா இவரு பிஸ்கட் ஆயிடுவாரு அத்தான்" என்று சொல்லி, பெட்டியை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். பல்லிக்குப் பெயர் மாப்பிள்ளை. அதற்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்து மாஸ்டரின் மாமியார் வைத்த பெயர்.

அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருக்கிறார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மாமியார் போன் செய்தால் இப்படி ஆகிவிட்டது:

"மாப்பிள்ளை எப்படிடி இருக்காரு?"

"நல்லா இருக்காரும்மா. பகலெல்லாம் தூக்கம். சாயங்காலம் எழுந்து ரெண்டு நக்கு நக்கிட்டுக் கிளையில ஏறிடறாரு."

"பெரியவரா, சின்னவரா?"

"சின்னவரும்மா. பெரியவரு எங்கே எழுந்திரிக்கிறாரு!"

மாஸ்டருக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

மாஸ்டரின் உத்தியோகத்தையும் சொல்லவேண்டும். பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் காற்றோட்டத்துக்குப் பொறுப்பு அவர்; 'காத்து மாஸ்டர்' என்ற பெயரே அதனால்தான். குளிர் இயந்திரம், காற்றுக் குழாய், புகைபோக்கி எல்லாம் அவர் கையில். மூன்றாம் மாடியில் குளிர்கிறது என்பார்கள், நான்காம் மாடியில் புழுங்குகிறது என்பார்கள், ஏழாம் மாடியில் யாரோ மீன் சாப்பிட்டார்கள் என்பார்கள். எங்கே கூப்பிட்டாலும் ஸ்க்ரூடிரைவரோடு ஓடுவார். சுவரில் காதை வைத்தே குழாயில் எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் காற்று என்ற சொல்லே அவர் காதில் விழக்கூடாது. வீட்டில் அவர் காற்று சம்பந்தமாகச் செய்த ஒரே வேலை, மனைவிக்குக் கொடுத்த வாக்குகளைக் காற்றில் பறக்கவிட்டதுதான்.

அவர் மனைவியோ டெலிபோன் கம்பெனி ஒன்றில் புகார் கவுன்ட்டரில் இருப்பவர். பதினெட்டு வருஷ சர்வீஸ். கொதித்துக்கொண்டு வருகிற ஆட்களை உட்காரவைத்து, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்று ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று அவர்களே ஒப்புக்கொண்டு போகும்படி செய்துவிடுவார். 'முடியாது' என்ற வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. இது மாஸ்டருக்குத் தெரியும். தெரிந்தும் மோதப் போனார் பாருங்கள், அதுதான் கதை.

மச்சினன் போகும்போது இரண்டு தாள் நிறையக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தான். மாஸ்டர் முதல் தாளில் பாதி படித்தார். 'சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் தெளிக்கவும். ஈரப்பதம் எண்பது வரை ஏறலாம். மறுநாள் மத்தியானத்துக்குள் காய்ந்து ஐம்பது, அறுபதுக்கு இறங்கவேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். எப்போதும் வறண்டால் தோலுக்கு ஆகாது. காற்று கீழே முன்பக்கத் துளை வழியாக நுழைந்து மேலே வலை வழியாக...'

"காத்து எப்படிப் போகும்னு எனக்கே பாடம் எடுக்கிறானா இந்தக் கேக்கு?" என்று இரண்டு தாளையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டார். மேஜை ஆட்டம் நின்றது. அவர் ஆட்டம் தொடங்கியது.

திட்டம் எளிமையானது. பல்லியைத் துரத்தக்கூடாது. பாவம், வாயில்லா ஜீவன். ஆனால் இந்த வீட்டுத் தட்பவெப்பம் பல்லிக்கு ஒத்துக்கொள்ளாது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துவிட்டால்? மச்சினன் பதறியடித்து வேறு இடம் பார்ப்பான். யார் மேலும் பழி வராது. மீட்டர் மேல்தான் வரும்.

பெட்டிக்குள் மேல்பக்கம், தீப்பெட்டி அளவில் ஈரப்பத மீட்டர் ஒன்று ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து மாஸ்டர் மீட்டரைக் கழற்றினார். தன் ஈரத் துண்டில் வைத்துச் சுருட்டினார். அதன்மேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். பிரித்துப் பார்த்தால் தொண்ணூற்றாறு! மறுபடி பெட்டியில் ஒட்டி, ஒரு படம் பிடித்து மச்சினனுக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி: 'வீடு முழுக்க ஈரம். மாப்பிள்ளை உடம்புக்கு ஆகாது. எனக்கு மனசு கேட்கலை.'

மச்சினன் உடனே கூப்பிட்டான். "அத்தான்! தொண்ணூத்தாறா? பூஞ்சை பிடிச்சிரும் அத்தான்!"

"அதான் தம்பி நானும் சொல்றேன். பேசாம வேற நல்ல இடமா..."

"வேற இடமா? உங்களை விடவா? பதினோரு மாடிக்குக் காத்து குடுக்கிறவரு, ஒரு பல்லிக்குக் குடுக்க மாட்டீங்களா? நீங்க இருக்கற தைரியத்துலதானே அத்தான் விட்டுட்டு வந்தேன்!"

மாஸ்டர் போனை வைத்தார். பின்னால் தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி வந்து நின்றார்.

"என்னங்க, வீட்டுல ஈரமாமே?"

"ஆமா. பயங்கர ஈரம்."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க."

மாஸ்டர் அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

"ஈரம் எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? நீங்கதான் நிபுணர்."

"எங்கேருந்து... பாத்ரூம்லேருந்துதான் வரும்."

"அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே?"

"அது சுத்தலையே."

"எவ்வளவு நாளா?"

"மூணு... வருஷமா."

"ஓ" என்றார் மனைவி. அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வாசலில் நின்று, "மீட்டர் தொண்ணூத்தாறு காட்டுதுன்னா இனிமே தண்ணி தெளிக்க வேண்டியதில்லை, என்ன?" என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் தலையாட்டினார்.

ஃபேனைச் சரிசெய்யாவிட்டால் ஈரம் பொய் என்று ஆகிவிடும். ஈரம் பொய்யென்றால் மீட்டர் பொய். மீட்டர் பொய்யென்றால் மாஸ்டர் பொய். அன்று சாயங்காலம் ஏணியில் ஏறினார். மூடியைக் கழற்றினதும் மூன்று வருஷத் தூசி மொத்தமாக அவர் முகத்தில் இறங்கியது. தும்மினார். ஏணி ஆடியது. ஏணியோடு அவரும் ஆடினார். மோட்டாரைக் கழற்றி, தேய்த்து, எண்ணெய் விட்டு, இறக்கை துடைத்து, பொருத்தி சுவிட்சைத் தட்டினால், ஃபேன் சும்மா பறந்தது.

மனைவி வந்து பாத்ரூம் வாசலில் நின்று அதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டதோ என்று மாஸ்டருக்குச் சந்தேகம். "மாப்பிள்ளை புண்ணியத்துல..." என்றார்.

"எந்த மாப்பிள்ளை?"

"சின்னவருங்க."

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. மறுநாளும் துண்டு, மறுநாளும் தொண்ணூற்றாறு. அதற்குப் படுக்கையறை ஜன்னல் பலியானது. பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட ஜன்னல். அதைத் திறக்க உளி, சுத்தியல், முழங்கால், கடைசியில் கெட்ட வார்த்தை எல்லாம் தேவைப்பட்டன. திறந்ததும் அறைக்குள் வந்த காற்றில் காலண்டர் படபடவென்று ஆறு மாதம் புரண்டது.

ஈரத்தால் காரியம் ஆகாது என்று மாஸ்டர் கட்சி மாறினார். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சிறிய பொட்டலம் போட்டிருப்பார்களே, அதைப் பத்துப் பன்னிரண்டு சேர்த்தார். ஒரு டப்பாவில் போட்டு, மீட்டரையும் உள்ளே வைத்து மூடினார். பத்தொன்பது!

"பாலைவனம்!" என்று மனைவியிடம் நீட்டினார். "வீடு பாலைவனமாயிடுச்சு. உன் தம்பி பல்லி வத்தலாயிடும். மனசுல ஈரம் இருந்தா இன்னைக்கே வேற இடம் பாக்கச் சொல்லு."

மனைவி மீட்டரை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மாஸ்டரையும் பார்த்தார்.

"போன வாரம் வெள்ளம். இந்த வாரம் பஞ்சம். வீட்டுக்கு மூச்சு விடவே தெரியலைங்க. அடுப்படி புகையெல்லாம் கூடத்துக்கு வந்து சூடாகுது, அதான் வறண்டு போகுது. அடுப்புக்கு மேலே சுவத்துல ஒரு ஓட்டை போட்டுக் குழாய் வச்சா சரியாயிடும்ல? உங்க பதினோரு மாடியில எப்படி வச்சிருக்கீங்க?"

"அது வந்து... முதல்ல வட்டமா ஒரு ஓட்டை போட்டு..."

"வட்டமாவா? எங்கே, பென்சிலால வரைஞ்சு காட்டுங்க பாப்போம்."

வரைந்து காட்டினார். வரைந்த பிறகுதான் சுவரில் வரைந்துவிட்டது தெரிந்தது. வரைந்த வட்டத்தை அப்படியே விட்டுவைக்க முடியுமா?

இத்தனைக்கும் நடுவில் மாஸ்டருக்கே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மீட்டரைத் திருட்டுத்தனமாகக் கழற்றி மாட்ட, தினமும் இரண்டு தடவை பெட்டிக்குள் கை விடவேண்டியிருந்தது. கை விட்டபோதெல்லாம் அவருக்குள் இருந்த தொழில்காரனுக்கு அரித்தது. வழியில் ஈரம் போகக்கூடாதென்று மேல் வலை முழுவதையும் மூடிக் கொண்டுவந்த பிளாஸ்டிக் தாளை மச்சினன் எடுக்க மறந்திருந்தான். காற்று எப்படி வெளியே போகும்? உள்ளே ஒரு மூலையில் இலையடியில் லேசாகப் புசுபுசுவென்று வெள்ளைப் பூஞ்சை. "கேக்குக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே தாளில் பாதியை வெட்டினார். கீழ்த் துளையருகே மெல்லிய காகிதத் துண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். காகிதம் ஆடவில்லை. துளையை அடைத்திருந்த பாசியை நகர்த்தினார். காகிதம் மெதுவாக உள்பக்கம் சாய்ந்தது. மாஸ்டரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? கீழே வாங்கணும், மேலே விடணும். இதான் காத்து. மத்ததெல்லாம் சும்மா" என்றார் பல்லியிடம்.

பல்லி தலையைச் சாய்த்துக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் அவர் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டு ஒரே தாவு! அவர் வழுக்கை மண்டையில் வந்து பச்சென்று ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர் கத்தவில்லை. அசையவில்லை. அசைந்தால் விழுந்துவிடும், வால் போனால் இந்த ஜாதிக்கு மறுபடி முளைக்காது என்று மச்சினன் சொல்லியிருந்தான். ஆறு குளிர்ந்த விரல்... இல்லை, இருபது விரல் மண்டையைப் பிடித்திருந்தன. கால் மணி நேரம் அப்படியே சிலையாக உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்த மனைவி, கதவருகே நின்று சத்தமில்லாமல் ஒரு படம் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் பேப்பரை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். எதிரே கேட்க ஆள் இருந்ததே. மீட்டரை ஏமாற்றும் வேலையை மட்டும் விடவில்லை. பழக்கதோஷம், அல்லது ரோஷம்.

இருபத்தைந்தாம் நாள் இடி விழுந்தது.

அன்று மத்தியானம் மாஸ்டருக்கு அரை நாள் லீவு. மனைவி கவுன்ட்டரில். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை வெளுத்துப் போயிருந்தது. கடுகு நிறம் போய்ச் சாம்பல் நிறம். முதல் நாள் வைத்த பழக்கூழ் அப்படியே இருந்தது. தட்டிப் பார்த்தார். அசைவில்லை. பேப்பரில் தலைப்புச் செய்தியைப் படித்துக் காட்டினார். அதற்கும் அசைவில்லை.

அப்போதுதான் மாஸ்டருக்கு மனைவி வாசலில் நின்று கேட்டது நினைவுக்கு வந்தது. 'மீட்டர் தொண்ணூத்தாறு காட்டுதுன்னா இனிமே தண்ணி தெளிக்க வேண்டியதில்லை, என்ன?' அவர்தானே தலையாட்டினார்! பத்தொன்பது காட்டினபோதும் குழாயைப் பற்றித்தான் பேச்சு, தண்ணீரைப் பற்றி இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், போதாக்குறைக்கு மேல் தாளையும் பாதி வெட்டிவிட்டு... கொன்றுவிட்டார். தன் கையாலேயே, துண்டாலேயே கொன்றுவிட்டார்.

சாப்பாட்டு டப்பா ஒன்றில் சூடாக்கிய கம்பியால் மளமளவென்று துளை போட்டார். அந்த அவசரத்திலும் கீழே நான்கு, மேலே ஆறு. ஈரக் காகிதம் விரித்து மாப்பிள்ளையை ஏந்தி உள்ளே விட்டார். ஆட்டோவில் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, "தம்பி, மேடு பள்ளம் பாத்துப் போப்பா, உள்ளே மாப்பிள்ளை இருக்காரு" என்றார். டிரைவர் டப்பாவைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், மெதுவாகவே ஓட்டினான். வழியில் மனைவிக்குப் போன். "உடனே மிருக டாக்டர்கிட்ட வா. ஒண்ணும் கேக்காதே. வா."

டாக்டரம்மாவின் முன்னறையில் ஒரு பூனை, ஒரு கிளி, அவற்றின் சொந்தக்காரர்கள். மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்ததும் மாஸ்டர் எழுந்தார். அத்தனை பேர் முன்னாலும் உடைந்துவிட்டார்.

"நான்தான் பண்ணினேன்! மீட்டர் காட்டினது பொய். தினமும் என் ஈரத் துண்டுல சுத்தி வச்சேன். அப்புறம் செருப்புப் பெட்டிப் பொட்டலத்துல வச்சேன். நீ அதை நம்பித் தண்ணி தெளிக்கலை. அது காஞ்சு போச்சு. என் நாற்காலிக்கு எதிர்ல இருக்குன்னு, எல்லாரும் அதையே மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிடறாங்கன்னு... ஒரு பல்லி மேல பொறாமைப்பட்டேன்!"

பூனைக்காரி மூக்கை உறிஞ்சினாள். கிளி, "பொறாமை! பொறாமை!" என்றது.

மனைவி அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கி உள்ளே நடந்தார்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அரை நிமிஷம் பார்த்தார்.

"எத்தனை நாளா வெளுத்திருக்கு?"

"இன்னைக்குத்தான் டாக்டர். எவ்வளவு நேரம் இருக்கும்? சொல்லுங்க, நான் தாங்கிக்கிறேன்."

"ஒரு அரை மணி நேரம் ஆகலாம்."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உரிக்கிறதுக்குங்க. தோல் உரிக்கப் போகுது. அதுக்கு முன்னாடி இப்படித்தான் வெளுக்கும், சாப்பிடாது. நின்னு பாத்துட்டுப் போறீங்களா?"

நின்றார்கள். மாப்பிள்ளை உதட்டோரத்தை டப்பாவில் ஒரு தேய் தேய்த்தது. மூக்கு நுனியில் தோல் பிளந்தது. பிறகு, விருந்துக்குப் போய்வந்த சீமாட்டி கையுறையைக் கழற்றுவதுபோல ஒவ்வொரு காலிலிருந்தும் வாயால் இழுத்துக் கழற்றியது. கழற்றியதைச் சிந்தாமல் சிதறாமல் சாப்பிட்டது. உள்ளேயிருந்து பளபளவென்று புதுக் கடுகு நிறம். மாஸ்டர் கைதட்டினார். வெளியே கிளியும் ஏதோ சொன்னது.

"விரல் நுனி ஒவ்வொண்ணும் சுத்தமா வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஈரம் சரியில்லேன்னா அங்கேதான் ஒட்டிக்கும். காத்தோட்டமும் அருமையா இருந்திருக்கு, தோல்ல ஒரு பூஞ்சை இல்லை. யாரு பாத்துக்கறது?"

"ஈரம் நான், டாக்டர்" என்றார் மனைவி. "காத்து இவரு."

மாஸ்டர் திரும்பினார். "நீயா? நீதான் தண்ணியே தெளிக்கலையே!"

"தினமும் சாயங்காலம் நீங்க டிவியில செய்தி பாக்கறப்ப தெளிச்சேன்ங்க. எண்பது வரைக்கும்."

"மீட்டர் பொய்யா காட்டிச்சே, எப்படிக் கணக்குப் பண்ணினே?"

"எந்த மீட்டர்? ரெண்டு இருக்கு. மேலே ஒண்ணு, கீழே இலைக்குப் பின்னாடி ஒண்ணு. தம்பி எழுதின ரெண்டாவது தாள்ல இருந்துச்சு. நீங்கதான் அதை மேஜைக்கு மருந்தாக் குடுத்துட்டீங்க. நான் உருவிப் படிச்சுட்டுத் திரும்ப வச்சேன்."

"அப்போ துண்டு விஷயம்..."

"முதல் நாளே தெரியும். மேல் மீட்டர்ல உங்க துண்டோட பச்சை நூல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னை ஏணியில ஏத்தினே?"

"மூணு வருஷமா நான் வாய் வலிக்கச் சொன்னேன். ஒரு ஃபேன் சுத்தலை. இது வாயைத் திறக்காமலே ஃபேன், ஜன்னல், அடுப்படிக் குழாய் மூணையும் முடிச்சுக் குடுத்துச்சு. புகார்ன்னா இப்படிக் குடுக்கணும்ங்க. நானே கத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா குனிந்து எதையோ தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் போய்விட்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மாஸ்டருக்குக் கோபம் வரவேண்டும். வரும் என்று காத்திருந்தார். வந்தது சிரிப்பு. முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆட்டோ பிடித்தார்கள். மாப்பிள்ளை டப்பாவுக்குள் நிம்மதியாகக் கண்ணை நக்கிக்கொண்டது.

மீதிப் பதினைந்து நாளும் அந்த வீட்டில் காற்றும் ஈரமும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தின. சாயங்காலம் மனைவி தண்ணீர் தெளிப்பார். மாஸ்டர் துளையைப் பார்ப்பார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் ஒன்றைப் பெட்டியின் தலைமேல் வைத்து, மத்தியானம் மட்டும் மெதுவாகச் சுற்றும்படி செய்தார். ஏழாம் மாடியில் யாரோ மறுபடி மீன் சாப்பிட்டபோது, "இருங்க, வீட்டுல மாப்பிள்ளைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார்.

நாட்கள் குறையக் குறைய அவர் முகம் சுருங்கியது. மச்சினன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே! பேப்பர் படித்தால் யார் கேட்பார்கள்? மாஸ்டர் மறுபடி ஒரு திட்டம் போட்டார். இந்தத் தடவை நேர்மையான திட்டம். இரண்டு மீட்டரின் அளவையும் தினமும் எழுதினார். காற்று போகும் பாதையை அம்புக்குறி போட்டு வரைந்தார். 'இந்தச் சூழலிலிருந்து அன்னாரை இடம் மாற்றுவது உசிதமல்ல' என்று முடித்தார். மொத்தம் ஒன்பது பக்கம். மனைவியிடம் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. இந்த ஒரு தடவையாவது அவருக்குத் தெரியாமல் ஜெயித்துக் காட்டவேண்டும்.

நாற்பத்தோராம் நாள் காலை மச்சினன் வந்தான். கையில் பெரிய வாளி. மேலே துணி போட்டு மூடியிருந்தது. கேக்காக இருக்கும் என்று மாஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவனை உட்காரவிடாமல் பெட்டி முன்னால் நிறுத்தி அறிக்கையைப் பிரித்தார்.

"தம்பி, பக்கம் ஒண்ணு. ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கங்கள்..."

"இங்கேயே இருக்கட்டும் அத்தான்."

"இரு, முழுசாக் கேளு. பக்கம் ரெண்டு... என்ன சொன்னே?"

"இவரு இங்கேயே இருக்கட்டும்னு சொன்னேன். என் ரூம்ல இப்படி ஒரு காத்து கிடைக்குமா? உங்களுக்குத்தான்."

மாஸ்டர் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு நெஞ்சை நிமிர்த்தி அடுப்படிப் பக்கம் திரும்பினார். ஜெயித்துவிட்டார்! ஒன்பது பக்கத்தில் ஒரு பக்கம்கூட முடியாமல் ஜெயித்துவிட்டார்!

"கேட்டியா? தம்பி குடுத்துட்டான். நான் பேசின பேச்சுல குடுத்துட்டான்!"

"அத்தான்" என்றான் மச்சினன் சங்கடத்தோடு. "நான் போன மாசமே குடுத்துட்டேன். உங்க மண்டையில இவரு உக்காந்திருக்கிற போட்டோவை அக்கா அனுப்பிச்சு, 'இனிமே இவரைப் பிரிக்க முடியாதுடா, வரும்போது வேற கொண்டு வா'ன்னு சொல்லிடுச்சு."

"வேறயா? வேற என்ன?"

மச்சினன் வாளியின் துணியை விலக்கினான். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் ஆமை.

"எங்க முதலாளியோடது. அவர் பிரயாணம் போறாரு. ஒரே ஒரு மாசம் அத்தான்."

மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"இதுக்குத் தினமும் தண்ணி மாத்தணுமாம்ங்க. இத்தனை தண்ணியையும் நம்ம சிங்க்ல ஊத்தினா இறங்கறதுக்கு நாளான்னைக்கு ஆகும். அடைச்சுக்கிட்டு எவ்வளவு நாளாச்சு, ஆறு மாசம் இருக்குமா? நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டர் ஆமையைப் பார்த்தார். ஆமை மாஸ்டரைப் பார்த்தது. நிலைமை புரிந்ததோ என்னவோ, சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை.